பாத்தீங்களா ஏட்டு

எங்கள் பக்கத்தில் அவருக்குப் ‘பாத்தீங்களா ஏட்டு’ என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஓர் இடத்தில் அவர் என் பெயரை எழுதாமல் விட்டார். பதிலுக்கு என்னால் ஆனது இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காவல் நிலையத்தில் தனிப்பிரிவு என்று ஒரு வேலை உண்டு. காக்கி போடாமல் ஊருக்குள் சுற்ற வேண்டும். யார் புதிதாக வந்து தங்கியிருக்கிறார்கள், எந்தத் திருவிழாவில் எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் ஆகாது, எங்கே கூட்டம் கூடுகிறது என்று மேலே எழுதி அனுப்ப வேண்டும். அவர் அதில் ஏட்டு. வெள்ளை அரைக்கைச் சட்டை, ரப்பர் செருப்பு, பழைய மொபெட், சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. யார் எதைச் சொன்னாலும் முதலில் ஒரே கேள்விதான்.

“பாத்தீங்களா, கேட்டீங்களா?”

டீக்கடையில் ஒருவர் ஆர்வமாக ஆரம்பிப்பார். “ஏட்டய்யா, கீழத்தெருவுல நேத்து பெரிய அடிதடியாமே.”

“பாத்தீங்களா?”

“பாக்கல. சொன்னாங்க.”

“யாரு சொன்னாங்க?”

“அதான், எல்லாருந்தான்.”

“எல்லாரும்னா எந்த வூடுங்க?”

இதற்குள் டீ ஆறிப்போயிருக்கும். வாயைக் கொடுத்தவர் கிளாஸை வைத்துவிட்டு நழுவிவிடுவார். ஏட்டு நோட்டை எடுத்து, பக்கத்தின் நடுவே போட்ட கோட்டுக்கு வலது பக்கம் எழுதுவார். இடது பக்கம் தன் கண்ணால் பார்த்தது. வலது பக்கம் கேட்டது, சொன்னவர் பெயரோடு. இரண்டிலும் சேராததற்கு ஒரே சொல்தான்: தெரியவில்லை. மற்றவர்கள் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகும் இடங்களில் எல்லாம் இவர் ‘தெரியவில்லை’ என்று எழுதுவார். அதனால் இவர் கைக்குப் போன கோப்பு சீக்கிரம் திரும்பாது என்று ஒரு பேச்சு இருந்தது. உண்மைதான், திரும்பாது.

பாடாலூரில் அவர் வீட்டுக்கு ஒருமுறை சாப்பிடப் போயிருந்தேன். அவர் மனைவி எனக்குப் பரிமாறிக்கொண்டே சொன்னார், “சாம்பார்ல உப்பு சரியா இருக்கான்னு கேட்டா இவரு ஒரு வாயில சொல்ல மாட்டாருங்க. முழுசாச் சாப்புட்டுக் கை கழுவிட்டுத்தான் சொல்லுவாரு. அப்புறம் சொல்லி என்ன ஆவப்போவுது?” ஏட்டு தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு சாப்பிட்டார். கை கழுவிய பிறகு, “கொஞ்சம் கம்மிதான்” என்றார்.

நான் அப்போது கிராம நிர்வாக அலுவலர். எங்கள் இருவருக்கும் உறவு வந்தது தாலுகா ஆபீஸ் கூட்டங்களில். நாட்டின் பாதுகாப்பு என்றால் எல்லையில் நிற்கும் ராணுவம்தான் நமக்கு நினைவுக்கு வரும். அரியலூர்ப் பக்கத்தில் அதற்கு வேறு முகம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், அவற்றுக்கான வெடிமருந்துக் கிடங்குகள், சிமெண்ட் ஏற்றிப் போகும் ரயில் பாதை, கொள்ளிடத்துப் பாலம், வெளி மாநிலத்திலிருந்து வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் ஆட்கள். இவற்றையெல்லாம் காவல்துறை பார்க்கும், வருவாய்த்துறை பார்க்கும், ரயில்வே பார்க்கும், சுரங்கத்துறை பார்க்கும். மாநிலத்துக்கு ஓர் உளவுப் பிரிவு, மத்திக்கு ஒன்று. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் முன்னால் எல்லாரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவோம். பஜ்ஜி வரும். ஆளுக்கொரு காகிதத்தை எடுத்து, “எங்க பக்கம் எல்லாம் நல்லபடியா இருக்குங்க” என்று வாசிப்போம். ஏட்டின் முறை வரும்போது மட்டும் தாசில்தார் நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.

“செல்போன் டவருக்கு ராத்திரி வாட்ச்மேன் இருக்காருன்னு போன தடவை சொன்னோம் சார். மூணு தடவை போயிட்டேன். ஆளைப் பாக்க முடியல. இருக்காரா இல்லையான்னு தெரியல.”

“உமக்கு எதுதான்யா தெரியும்?” என்பார் தாசில்தார். எல்லாரும் சிரிப்போம். நானும் நன்றாகவே சிரித்திருக்கிறேன்.

இத்தனை துறைகள் எதற்கு? ஒருவர் எழுதியதை இன்னொருவர் தனியாகப் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பதற்காக. நான்கு பேர் நான்கு பக்கமிருந்து பார்த்தால் பொய் தப்பாது என்பது கணக்கு. நடந்தது வேறு. எல்லாருக்கும் வேலை தலைக்கு மேல். “உங்க ரிப்போர்ட்டக் கொஞ்சம் அனுப்பி வுடுங்க சார், அதே மாதிரி போட்டுடறேன்” என்று போன் வரும். அனுப்புவோம். அவர் தன் பாணியில் இரண்டு சொல்லை மாற்றி மேலே அனுப்புவார். மேலே இருப்பவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டு துறையும் ஒன்றே சொல்கிறது என்று திருப்திப்படுவார். இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. நான் உட்பட.

ஒருமுறை சுரங்கத்து வெடிமருந்துக் கிடங்கில் கூட்டாய்வு. சித்திரை வெயில். கம்பெனிக்காரர்கள் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு இளநீர் வைத்திருந்தார்கள். இருப்புப் பதிவேடு மேஜைக்கே வந்தது. நானும் மற்ற துறைக்காரர்களுமாக நால்வர் உட்கார்ந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டோம். ஏட்டு மட்டும் செல்போனை வாசலில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிடங்குக்குள் போனார். பெட்டி பெட்டியாகத் தொட்டு எண்ணிவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“கணக்கு சரியாத்தானே இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“சரியா இருந்துச்சுங்க.”

“அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?”

“இப்பத்தானுங்க சார் தெரியுது, சரியா இருக்குன்னு.”

அன்றைக்கு அந்தப் பதிலைப் பலரிடம் சொல்லிச் சிரித்தேன். எனக்கு அவரைப் பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒருவரைப் பிடிக்கும் என்பதும் அவர் வழியில் நடப்பதும் வேறு வேறு.

இனி நான் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எனக்குக் கூடுதல் பொறுப்பாக இருந்தது. அந்த ஊரில் சவரிமுத்து என்று ஒரு விவசாயி. இரண்டு ஏக்கர் மானாவாரி, பத்துப் பன்னிரண்டு ஆடு. அவர் மகள் அமலி ஓட்டத்தில் கெட்டி. மத்திய அரசின் ஒரு பாதுகாப்புப் படைக்கு எழுதித் தேறி, ஓடித் தேறி, கடைசியில் நடத்தைச் சரிபார்ப்புக்கு அவளுடைய தாள்கள் மாவட்டத்துக்கு வந்தன. வருவாய்த்துறை வழியாக ஒரு பிரதி என்னிடம். காவல்துறை வழியாக ஒரு பிரதி ஏட்டிடம். இரண்டு உளவுப் பிரிவுகளுக்கும் தனித்தனியே.

அது பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் சான்று கொடுக்கிற வாரம். என் ஆபீஸ் வாசலில் தேர்க் கூட்டம். பதினெட்டு கிலோமீட்டர் போய் வர நேரமில்லை. அந்த ஊர்த் தலையாரிக்குப் போன் போட்டேன்.

“சவரிமுத்து ஆளு எப்படிய்யா?”

“ஆளு ஒண்ணும் பாதகமில்லீங்க. ரெண்டு வருசத்துக்கு முன்ன வெடிமருந்து வச்சிருந்தாருன்னு போலீசு ஜீப்பு வந்து கூட்டிக்கிட்டுப் போச்சு. மூணு நாளு ஸ்டேசன்ல இருந்தாருன்னு சொன்னாங்க.”

பாத்தியா, கேட்டியா என்று நான் அவனைக் கேட்கவில்லை. எழுதினேன்: “நேரில் விசாரித்த வகையில், மேற்படியாரின் தகப்பனார் வெடிபொருள் வைத்திருந்தது தொடர்பாகக் காவல் நிலையம் அழைத்துச் செல்லப்பட்டவர் எனத் தெரிய வருகிறது.” நேரில் விசாரித்த வகையில் என்பது எங்கள் துறையில் பிள்ளையார் சுழி மாதிரி. கை தானாக எழுதிவிடும்.

நடந்தது என்னவென்றால், சவரிமுத்து கல் எடுத்து விட்டுப்போன பழைய பள்ளம் ஒன்றில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது, வயர் வைத்த வெடிக் குச்சிகள் ஒரு சாக்கில் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் விளையாட வரும் இடம். அதனால் அவற்றைத் தன் துண்டில் மூட்டையாகக் கட்டி, சைக்கிளில் வைத்து, நேரே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார். மேஜையில் வைத்ததும் நிலையமே வெளியே ஓடியது. ஏட்டு ஒருவர்தான் அந்தத் துண்டைத் தூக்கிக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் மணலுக்குள் வைத்தார். பிறகு சவரிமுத்துவைத் திட்டு திட்டென்று திட்டினார். பள்ளத்தைக் காட்டவும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவும் மூன்று நாள் ஜீப் வந்து அவரைக் கூட்டிப் போயிற்று. சாக்கைப் போட்டவன் யாரென்று கடைசி வரை பிடிபடவில்லை. வழக்கு அப்படியே கிடந்தது. ஊர் ஜீப்பைப் பார்த்தது. துண்டை யாரும் பார்க்கவில்லை.

என் வரியைத் தாசில்தார் தன் கடிதத்தில் சேர்த்தார். மாநில உளவுப் பிரிவிலிருந்து ஒருவர் என்னைப் போனில் பிடித்து, “நீங்க எழுதினது சரிதானுங்களே?” என்றார். “சரிதாங்க” என்றேன். ரகசிய விசாரணையில் தெரிய வந்தது என்று அவர் எழுதினார். அவரைக் கேட்டு மத்தியப் பிரிவுக்காரர் எழுதினார். ஒரு மாதம் கழித்துத் தாலுகா ஆபீஸில் கேட்டபோது, “உளவுப் பிரிவுலயே ரெண்டு பேரு கன்ஃபார்ம் பண்ணிட்டாங்க சார்” என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் எழுதியதுதான் சுற்றிக்கொண்டு வந்து எனக்கே சாட்சி சொல்கிறது என்று அந்த நிமிடம் உறைக்கவில்லை. உறைக்க வேண்டும் என்று நான் பிரியப்படவும் இல்லை போலிருக்கிறது.

ஏட்டின் அறிக்கை மட்டும் மாறி நின்றது. நேரில் பார்த்தேன், வெடிபொருளைக் கொண்டுவந்து ஒப்படைத்தவர் இவர்தான் என்று அவர் எழுதியிருந்தார். மூன்று துறைகள் ஒன்று சொல்ல, ஓர் ஏட்டு மட்டும் வேறு சொன்னால் மேலதிகாரிகளுக்கு என்ன தோன்றும்? அந்த வீட்டில் கோழி அடித்துப் போட்டிருப்பார்கள் என்றுதான் தோன்றும். தோன்றியது. விளக்கம் கேட்டு அவருக்குத் தாள் வந்தது.

ஒரு பிற்பகல் என் ஆபீஸுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். நோட்டை வெளியே எடுக்கவில்லை.

“சார், சவரிமுத்து விசயம் எழுதியிருக்கீங்களே. பாத்தீங்களா, கேட்டீங்களா?”

“தலையாரி சொன்னான் ஏட்டய்யா.”

“அவன் யாருகிட்ட கேட்டான்?”

துண்டில் கட்டி வந்த கதையை அவர் அப்போதுதான் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, “நான் எல்லா ஆபீசுக்கும் போயிட்டு வந்துட்டேன். எல்லாரும் இன்னொருத்தரைக் கை காட்டுறாங்க. சுத்திச் சுத்தி உங்க வரியிலதான் வந்து நிக்கிது” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“தாசில்தார் ஆபீஸ் உதவியாளர் பிரமோஷன் லிஸ்ட் தயாராகுது. என் பேரு இருக்கு. நேர்ல போகாம எழுதினேன்னு தெரிஞ்சா சார்ஜ் மெமோ குடுத்துடுவாங்க. பத்து வருசம் காத்துக்கிட்டு இருக்கேன் ஏட்டய்யா.”

“தெரியுங்க. அதனாலதான் வந்தேன். நான் எழுதினா அது உங்க மேல புகாரு. நீங்களே எழுதினா அது திருத்தம். திருத்தத்துக்கு அவ்வளவு கோவிக்க மாட்டாங்க. அந்தப் புள்ளைக்கு இன்னும் இருவது நாளு டைம் இருக்கு. வயசு வரம்பு இதோட முடியுது, அடுத்த தடவை அதால எழுத முடியாது. ஒரே ஒரு வரிதான் சார்.”

“எழுதிடறேன்” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். டீ வரவழைத்தேன். முழுக் கிளாஸையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

எழுதவும் செய்தேன். அன்று சாயங்காலமே எழுதி மடித்துப் பையில் வைத்தேன். அந்தக் காகிதம் மூன்று முறை என்னோடு பஸ் ஏறித் தாலுகா ஆபீஸுக்கு வந்தது. ஒருநாள் தாசில்தார் லீவு. ஒருநாள் அவர் கோபமாக இருந்தார். மூன்றாவது நாள் அவர் நல்ல மனநிலையில் இருந்தார், லிஸ்ட்டில் என் பெயர் மேலே போயிருக்கிறது என்று அவரே சொன்னார். காகிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினேன். பிறகு அதை அடங்கல் பதிவேட்டுக்குள் வைத்தேன். இருபது நாள் போயிற்று. அமலிக்கு ‘பரிசீலிக்க இயலவில்லை’ என்று வந்தது. எனக்கு உதவியாளர் பதவி வந்தது.

ஏட்டைத் தனிப்பிரிவிலிருந்து எடுத்து ஆயுதப்படைக்கு மாற்றினார்கள். வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற வேலை. நான்கைந்து வருடம் கழித்துப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். யாரோ அமைச்சர் வருகைக்காகப் பந்தோபஸ்து. காக்கி அவருக்குப் பொருந்தவே இல்லை, சட்டைக் கழுத்துப் பெரிதாகவும் உள்ளே உடம்பு சின்னதாகவும் இருந்தது. ஒதுங்கிப் போய்விடலாமா என்றுதான் நினைத்தேன். அவரே பார்த்துவிட்டார்.

“நல்லாருக்கீங்களா சார்?”

“இருக்கேன். நீங்க நல்லாருக்கீங்களா ஏட்டய்யா?”

“இன்னைக்கு வரைக்கும் நல்லாருக்கேங்க.”

அவ்வளவுதான். அமலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிட்டார். போன வருடம் அவர் இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். கேட்டதுதான். பாடாலூர் என் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை, இருந்தும் போகவில்லை. அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

இப்போது நான் அரியலூரில் மாவட்ட அளவில் ஒரு பிரிவில் இருக்கிறேன். இதே சரிபார்ப்புத் தாள்கள் என் மேஜை வழியாகத்தான் போகின்றன. கடவுளுக்கு இப்படியும் ஒரு குசும்பு. இரண்டு மாதம் முன்பு சவரிமுத்துவின் மகனுக்கு ஒரு தாள் வந்தது. அமலியின் தம்பி. அவனும் ஒரு படைக்குத் தேறியிருக்கிறான். ‘பழைய கோப்பை இணைத்து வைக்கவும்’ என்று மேலே எழுதியிருந்தார்கள். பதிவறையிலிருந்து கோப்பு வந்தது. பிரித்தேன்.

என் கையெழுத்து. தாசில்தாருடைய கடிதம். உளவுப் பிரிவுகளின் அறிக்கைகள். கடைசியில் ஏட்டிடம் கேட்ட விளக்கமும், உருண்டை உருண்டையான எழுத்தில் அவர் பதிலும். அவர் என் ஆபீஸுக்கு வந்து போன மறுநாள் தேதி போட்டிருந்தது. நான்கு கேள்விகள் கேட்டிருந்தார்கள். முதல் மூன்றுக்கும் நேரில் பார்த்ததை எழுதியிருந்தார். நான்காவது கேள்வி: மற்ற அறிக்கைகளில் உள்ள தவறான தகவலை முதலில் தந்தவர் யார்?

‘தெரியவில்லை.’

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தேதியை இன்னொரு முறை சரிபார்த்தேன். சாம்பாருக்குக்கூடப் பொய் சொல்லாதவர். நான் எழுதிவிடுவேன் என்று நம்பி, எனக்காக வாழ்க்கையில் ஒரு பொய் எழுதியிருக்கிறார். என் பெயரை எழுதியிருந்தால் அமலி தப்பித்திருப்பாள், அவரும் ஆயுதப்படை வாசலில் நின்றிருக்க மாட்டார். அவர் என்னிடம் விட்டுப்போன அந்த இடத்தை நான் காலியாகவே வைத்துவிட்டேன்.

குறிப்பு எழுதினேன். முந்தைய தகவல் தவறு, நேரில் போகாமல் எழுதியவன் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். இதைத் துணிச்சல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வருடம் ஓய்வு. பெரிதாக என்ன செய்துவிடப் போகிறார்கள்? பையனுடைய தாள் நல்லபடியாகப் போய்விட்டது.

பிறகு ஒருநாள் லீவு போட்டு, ஏலாக்குறிச்சி பஸ் பிடித்து, அந்த ஊருக்குப் போனேன். என் பொறுப்பில் இருந்த காலத்தில் ஒருமுறைகூட அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஓட்டு வீடு. கூடத்தில் சவரிமுத்துவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. ஆணியில் ஒரு விசில் தொங்கியது. அமலி தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறாளாம். மாவட்ட ஆபீஸிலிருந்து தம்பி விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“நேர்லயே வந்துட்டீங்களே சார்” என்றாள். “எனக்கு வந்தப்பவும் இப்படித்தான் ஒருத்தரு நேர்ல வந்தாரு. வெள்ளைச் சட்டை போட்ட ஏட்டய்யா. அவருக்கு அப்புறம் எங்க வூட்டு வாசலுக்கு வந்து கேக்கறது நீங்கதான்.”

தலையை ஆட்டினேன்.

“வேலை இல்லேன்னு ஆனப்புறம் இன்னொரு தடவை வந்தாரு. அப்பாவப் பத்தித் தப்பா எழுதினது யாருன்னு அப்ப அவருகிட்டக் கேட்டேன் சார். ‘அவரே வந்து உங்கிட்டச் சொல்லுவாரும்மா’ன்னுட்டுப் போனாரு. அப்பா சாவுற வரைக்கும் யாராச்சும் வருவாங்கன்னு வாசலப் பாத்துக்கிட்டே இருந்தாரு. நீங்க ஆபீஸ்லயே இருக்கீங்களே. அது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?”

அவள் குரலிலும் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் குடித்துவிட்டு, “தெரியலைம்மா” என்றேன்.